பெருங்குடி குப்பை மலை குறையுது, சரி. அந்த மண் எங்கே போகுது?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)



துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோட்டில் போயிருக்கீங்களா? ஐ.டி. வேலைக்குப் போறவங்க நிறைய பேருக்கு அது தினசரி வழி. அந்த ரோட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும், யாரும் சொல்லாமலே கார் கண்ணாடி எல்லாம் மேலே ஏறும். பைக்கில் போறவங்க மூச்சை அடக்கிக்கிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குவாங்க. சதுப்பு நிலத்தில் கூழைக்கடாவும் பூநாரையும் நிற்கும். அதே சதுப்பு நிலத்தின் விளிம்பில் குப்பை மலை நிற்கும். சென்னையை ஒரே ஃப்ரேமில் காட்டணும்னா இதைத்தான் காட்டணும்னு நான் பல தடவை நினைச்சிருக்கேன்.

கொஞ்ச வருஷமா அந்த மலை உயரம் குறைஞ்சுகிட்டு வருது. ‘பயோமைனிங்’ நடக்குதுன்னு செய்தியில் பார்த்திருப்பீங்க. பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து, நிலத்தை மீட்பதுதான் திட்டம். கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? பெருமளவுக்கு நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு ஒரு சின்னக் கேள்வி இருந்தது. 30 லட்சம் கன மீட்டருக்கும் மேலான குப்பை அது. மாயமாய் மறைய வாய்ப்பே இல்லை. அப்போ அது எங்கே போகுது? போகும்போது எதையெல்லாம் கூடவே எடுத்துட்டுப் போகுது? இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

சுரங்கம்னு ஏன் பேர்?

‘மைனிங்’ என்ற சொல்லைக் கேட்டதும் நெய்வேலி ஞாபகம் வரலாம். யோசனை ஏறக்குறைய அதேதான். பூமியைத் தோண்டிக் கனிமம் எடுப்பதுபோல, குப்பையைத் தோண்டிப் பயன்படும் பொருளை எடுப்பது. பதிவான முதல் முயற்சி 1953இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில், ஹிரியா குப்பைக் கிடங்கில் நடந்தது. அங்கே மக்கிய குப்பையைச் சலித்து, பழத்தோட்ட மண்ணை வளப்படுத்தப் பயன்படுத்தினார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1953ஆம் வருஷத்துக் குப்பை வேற, நம்ம குப்பை வேற. அன்னிக்குக் குப்பையில் பிளாஸ்டிக் அபூர்வம். செல்போன் பேட்டரி கிடையாது, டியூப் லைட்டும் பெயின்ட் டப்பாவும் இவ்வளவு கிடையாது.

பெருங்குடியில் 1980களின் பிற்பகுதியிலிருந்து கொட்டுகிறார்கள். சுமார் 225 ஏக்கர். கீழே எந்தத் தடுப்பு விரிப்பும் கிடையாது. நவீன நிலநிரப்புத் தளத்தில் முதலில் களிமண்ணும் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிவு நீரைப் பிடிக்கக் குழாய் வைத்து, அதற்கு மேல்தான் குப்பை போடுவார்கள். நாம சதுப்பு நிலத்தின் மேலேயே நேரா கொட்டினோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்ததாகச் சொல்கிறார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். தென்சென்னையின் மழைநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். குப்பை மலையில் பெய்யும் மழைக்கும் வேற வழி கிடையாது. அதுவும் இதே தண்ணியோடதான் போகும்.

ஆகவே, தோண்டவே கூடாதுன்னு சொல்ல நான் வரலை. அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நாம பார்த்தாச்சு. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து, பல நாள் புகைந்தது. சுத்துப்பட்டு ஏரியா முழுக்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த வருஷம் மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரத்தில் அதே கதை, இன்னும் பெரிசா. குப்பைக்குள்ளே மீத்தேன் உருவாகிக்கொண்டே இருக்கும். ஒரு பொறி போதும். 2017இல் டெல்லி காஜிப்பூரில் மலை சரிந்து உயிர்கள் போயின. பழைய குப்பையை அகற்றணும்னு 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. எப்படிச் செய்யணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெருங்குடிக்குச் சுமார் 350 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வடசென்னையின் கொடுங்கையூருக்கு 640 கோடி. அங்கே இருந்தது சுமார் 66 லட்சம் டன், ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஜாடியைத் திறக்கும்போது

வேலை நடக்கும் விதம் இதுதான். பொக்லைன் வைத்து மலையை அடுக்கடுக்காகச் சீவி எடுப்பார்கள். எடுத்ததை ஆள் உயரத்துக்கு நீள நீள வரப்பாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில வாரங்கள் புரட்டிப் புரட்டிப் போடுவார்கள். காற்றுப் பட்டு மிச்சம் இருக்கும் மக்குப் பொருள் மக்கும், ஈரம் குறையும், நாற்றமும் குறையும். அப்புறம் டிராமல் என்கிற சுழலும் பெரிய சல்லடை. ஒரு பக்கம் பிளாஸ்டிக், துணி, ரப்பர். இன்னொரு பக்கம் கல், செங்கல், கண்ணாடி. கொஞ்சம் இரும்பு. கடைசிச் சல்லடையில் விழுவது மண் மாதிரி ஒரு பொடி. இத்துறையில் அதற்குப் பேர் ‘குட் எர்த்’. நல்ல மண். பேர் வைத்தவருக்கு நல்ல மார்க்கெட்டிங் மூளை.

இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, பள்ளிக்கூடத்து அளவுக்குத்தான்.

பக்கிங்ஹாம் கால்வாயிலோ கூவத்திலோ தூர்வாரி, சேற்றைக் கரையில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கீங்களா? போட்ட அன்னிக்கு மை மாதிரி கறுப்பா இருக்கும். நாலு நாள் வெயில் பட்டதும் மேல்பக்கம் பழுப்பா, துரு நிறமா மாறும். ஏன்? கால்வாய் அடியில் ஆக்ஸிஜன் இல்லை. அங்கே வாழும் பாக்டீரியா கந்தகச் சேர்மங்களைச் சல்ஃபைடாக மாற்றும். சல்ஃபைடு இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. அதைக் காற்றில் போட்டால் ஆக்ஸிஜன் சேர்ந்து அந்தப் பிணைப்பு உடைகிறது, இரும்பு துருவாக மாறுகிறது.

குப்பை மலையின் வயிற்றுக்குள்ளும் இதே நிலைமைதான். அங்கே சல்ஃபைடு பிடித்து வைத்திருப்பது இரும்பை மட்டும் இல்லை. பேட்டரியிலிருந்து வந்த ஈயம், காட்மியம், துத்தநாகம், வயரிலிருந்து வந்த தாமிரம் எல்லாமே அதில் மாட்டியிருக்கும். இந்த சல்ஃபைடுகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. அதனால் முப்பது வருஷமா அந்த உலோகத்தில் பெரும்பகுதி நகராமல் உட்கார்ந்திருக்கும். மலை ஒரு ஊறுகாய் ஜாடி மாதிரின்னு வெச்சுக்கோங்க. மூடியிருக்கும் வரை உள்ளே ஒரு சமநிலை.

தோண்டுவது என்றால் அந்த மூடியைத் திறப்பது. காற்று போகுது, சல்ஃபைடு ஆக்ஸிஜனேற்றம் அடையுது, இடத்துக்கு இடம் அமிலத்தன்மை கூடலாம். கட்டுண்டு கிடந்த உலோகத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாறும். அந்த நேரம் பார்த்து மழை வந்தால்? சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சீவி எடுத்த முகப்பு திறந்து கிடக்க, வரப்பாகக் குவித்தது நனைய, கறுப்புத் தண்ணி வடியும். அதைப் பிடிக்கத் தரைக்குக் கான்கிரீட்டும் ஓரத்துக்கு வடிகாலும் தொட்டியும் இருக்கணும். இருக்குதா இல்லையா என்பதுதான் ஒரு நல்ல பயோமைனிங்குக்கும் மோசமான பயோமைனிங்குக்கும் உள்ள வித்தியாசம். எத்தனை டன் சலிச்சாங்க என்ற நம்பர் அதைச் சொல்லாது.

குரோமியத்தின் கதை கொஞ்சம் வேற. அது நம்ம ஊர்க் கதையும்கூட. குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் எப்படி வந்தது தெரியுமா? அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால. குரோமியம் போட்டுத் தோல் பதனிடும் தொழில் இந்தப் பக்கம் நூறு வருஷமா இருக்கு. செருப்பும் பெல்ட்டும் தோல் துண்டுமா அதில் கொஞ்சம் குப்பைக்கு வந்திருக்கும். தோலில் இருக்கும் மூன்று இணைதிறன் குரோமியம் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் தோலை எரிக்கும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறலாம். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தண்ணீரில் நன்றாகக் கரையும். பல தடவை தீப்பிடித்த கிடங்கின் சாம்பலைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

‘நல்ல மண்’ எவ்வளவு நல்லது?

இதுதான் எனக்கு முக்கியமான இடம்.

இந்தியக் குப்பைக் கிடங்குகளைத் தோண்டினால் பல இடங்களில் எடையில் பாதிக்கும் மேல் இந்த மண் மாதிரிப் பொருள்தான் வருது. காரணம் சிம்பிள். தெருக்கூட்டல் மண், சாக்கடைத் தூர், கட்டிட இடிபாடு எல்லாத்தையும் நாம ஒரே லாரியில்தான் அனுப்பினோம். ஆக, பயோமைனிங் வெற்றியா தோல்வியா என்பது பிளாஸ்டிக்கைவிட இந்த மண்ணைப் பொறுத்த விஷயம்.

டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் டெல்லி, ஹைதராபாத், கடப்பா கிடங்குகளின் மண்ணை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கரையும் உப்பு, கன உலோகம், மிச்சமிருக்கும் மக்குப் பொருள், தண்ணீரில் போட்டால் இறங்கும் கருஞ்சாயம் என நாலும் சாதாரண மண்ணைவிட அதிகம். இந்த மண்ணைக் கட்டுப்பாடு இல்லாமல் வெளியே கொண்டுபோய்ப் போட முடியாது என்பதுதான் அதன் சாரம்.

உரமாக விற்கணும்னா சட்டம் ஒரு வரம்பு வெச்சிருக்கு. 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர்ப்புறக் கம்போஸ்ட்டில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. காட்மியம் 5, குரோமியம் 50, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15 மில்லிகிராம். இதில் தேறாத மண் எங்கே போகும்? ‘தாழ்வான பகுதிகளை நிரப்பப் பயன்படும்’ என்று எழுதுவார்கள்.

இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படிங்க. தாழ்வான பகுதி. சென்னையில், செங்கல்பட்டில், திருவள்ளூரில் தாழ்வான பகுதின்னா என்ன? ஏரி, தாங்கல், குட்டை, வாய்க்கால் ஓரம், விட்டுப்போன வயல். தண்ணி வந்து நிக்கிற இடம். உரமா போடத் தகுதி இல்லாத மண்ணை, தண்ணி நிக்கிற இடத்தில் போடுறோம். உலோகம் கரைஞ்சு வெளியே வர இதைவிட வசதி வேற என்ன வேணும்? ஒரே இடத்தில் மலையாக இருந்த பிரச்சினை, ஐம்பது இடத்தில் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. மலையாவது கண்ணுக்குத் தெரிஞ்சுது. எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

‘டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புறாங்க?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே ரெண்டு விஷயம் இருக்கு. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம்ம வீட்டுப் பழமொழி. பானைச் சோற்றுக்கு அது சரி, ஏன்னா எல்லா அரிசியும் ஒரே தண்ணியில், ஒரே சூட்டில் வெந்தது. குப்பை மலை அப்படி வேகலை. 1995இல் ஒரு லாரி பேட்டரிக் கழிவைக் கொட்டியிருக்கும். அதற்குப் பத்தடி தள்ளி கோயம்பேட்டுக் காய்கறிக் கழிவு. ஒரு மூலையில் எடுத்த ஒரு கைப்பிடியை வைத்து மலைக்கே சான்றிதழ் கொடுக்க முடியாது.

ரெண்டாவது, எதை டெஸ்ட் பண்றாங்க என்பது. மண்ணில் மொத்தம் எவ்வளவு ஈயம் இருக்கு என்பது ஒரு கணக்கு. அந்த மண்ணைத் தண்ணியில் ஊறவைத்தால் எவ்வளவு ஈயம் வெளியே வருது என்பது வேற கணக்கு. இதைக் கசிவுச் சோதனை என்பார்கள். பள்ளம் நிரப்பப் போகும் மண்ணுக்கு முக்கியம் ரெண்டாவதுதான்.

பிளாஸ்டிக் பக்கம் வேகமா சொல்லிட்டுப் போறேன். சலித்தெடுத்த பிளாஸ்டிக், துணி எல்லாம் ‘ஆர்.டி.எஃப்.’ என்ற பேரில் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். சிமென்ட் உலையின் சூடு 1,400 டிகிரியைத் தாண்டும். அவ்வளவு சூட்டில் எரிப்பது திறந்தவெளியில் எரிவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பி.வி.சி. குழாய், ரெக்ஸின் மாதிரிப் பொருளில் குளோரின் அதிகம், மண் ஒட்டியிருந்தால் சூடும் கிடைக்காது. அதனால் ஆலைகள் எல்லா லோடையும் வாங்கிக்கொள்ளாது. வாங்காதது கிடங்கிலேயே குவியும், மறுபடியும் தீப்பிடிக்கும் அபாயம். கொடுங்கையூரில் எரி உலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் மக்கள் மனிதச் சங்கிலியே நடத்தினார்கள். அது தனி எபிசோடுக்கான விஷயம்.

மலை போன பிறகு

மேலே இருந்ததை எடுத்தாச்சு. கீழே? முப்பது வருஷம் கசிந்த தண்ணி நிலத்தடியில் அப்படியேதான் இருக்கு. நிலம் ‘மீட்கப்பட்டது’ என்று அறிவிக்கும்போது பெரும்பாலும் தரைமட்டம் வரை மீட்டதைத்தான் சொல்கிறார்கள்.

மூடிய இடத்தைத் திறப்பது என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க் மாநிலம், நயாகரா ஃபால்ஸ் நகரில் ‘லவ் கெனால்’ என்ற பகுதி. 1940களில் தொடங்கி சுமார் பத்து வருஷம் ஒரு ரசாயன நிறுவனம் அங்கே கழிவைப் புதைத்து, மேலே களிமண் மூடி, 1953இல் உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடம் வந்தது, வீடுகள் வந்தன. சாலைக்கும் சாக்கடைக்கும் தோண்டியபோது களிமண் மூடி உடைந்தது. மழைநீர் உள்ளே போய், ரசாயனம் மேலே வந்து, வீட்டு அடித்தளத்தில் ஊறியது. 1978இல் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அது முழுக்க ரசாயனக் கழிவு, நம்முடையது வீட்டுக் குப்பை கலந்தது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. கட்டுமானத்துக்குத் தோண்டும்போது மூடி உடையுதே, அந்த வழி மட்டும் ரெண்டுக்கும் பொது.

பெருங்குடியில் மீட்ட நிலத்தில் பூங்கா வைப்பதா, சதுப்பு நிலத்துக்கே திருப்பித் தருவதா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், ராம்சர் எல்லையை ஒட்டி நடைபாதையும் உணவுக் கடையும் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. தண்ணி வந்து நிற்க இடம் கிடைத்தால் வேளச்சேரியில் இருப்பவங்களுக்கு டிசம்பரில் கொஞ்சம் தூக்கம் வரும். ஆனா அதுக்கு முன்னாடி, அடி மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து முடிவை வெளியிடணும். சோதிக்காம தண்ணியை விட்டா, மிச்சம் இருக்கும் விஷத்தை நாமே ஊறவைத்த மாதிரி ஆகிடும்.

இன்னொண்ணு. மலையின் மேலே குப்பை பொறுக்கிப் பிழைத்தவங்களையும், இப்போ சல்லடைக்குப் பக்கத்தில் தூசியில் நிக்கிறவங்களையும் யாரும் இந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை. தூசியில் பறக்கும் உலோகமும் பூஞ்சையும் முதல்ல போறது அவங்க நுரையீரலுக்குத்தான்.

முடிக்கும் முன் போன வாரம் வந்த ஒரு கேள்வி. ‘மாடித் தோட்டத்துக்கு மூட்டை மண் மலிவா கிடைக்குது. இந்தக் குப்பை மண்ணா இருக்குமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?’

முழுசா கண்டுபிடிக்கக் கண்ணால் முடியாது. ஆனா வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி பரப்பி, வெயிலில் பாருங்க. பொடிக் கண்ணாடி மின்னுதா, கலர் கலரா பிளாஸ்டிக் நூல் இருக்கா, பீங்கான் சில்லு இருக்கா? இருந்தால் அதில் கீரை மட்டும் போடாதீங்க. காட்மியத்தை மண்ணிலிருந்து இலைக்கு ஏற்றுவதில் கீரை வகைகள் ரொம்பக் கெட்டி. ரோஜா, அரளி வெச்சுக்கலாம். சந்தேகம் பெரிசா இருந்தா ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் ஈயமும் காட்மியமும் பார்க்கணும்னு சொல்லிக் கொடுங்க. வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்துச் சோதனையில் இது ரெண்டும் வராது.

வீடு கட்டப் பள்ளம் நிரப்புறவங்களுக்கும் இதே தட்டு டெஸ்ட்தான். கூடவே லோடு கொண்டு வர்ற லாரி டிரைவர் அண்ணன்கிட்ட, மண் எங்கேருந்து வருதுன்னு சும்மா பேச்சோட பேச்சா கேளுங்க. கான்ட்ராக்டரைவிட அவர்கிட்டதான் நேரான பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.